கதவைச் சாத்தத் தெரிந்தவர்

அவர் ஒரு கதவைச் சாத்தும்போது பக்கத்தில் நின்றாலும் காதுக்கு ஒன்றும் கேட்காது. முதலில் பிடியைக் கீழே அழுத்திக்கொள்வார். பூட்டின் நாக்கு முழுவதும் உள்ளே போன பிறகே கதவை நகர்த்துவார். அது நிலையைத் தொடுவதற்குச் சற்று முன் இடது உள்ளங்கையை இரண்டுக்கும் நடுவில் கொடுப்பார். கதவு அந்தக் கையில் வந்து சாயும். பிறகு கையை விரல் விரலாக எடுத்து, பிடியை மெதுவாக மேலே விடுவார். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கணம் அப்படியே நிற்பார், தொட்டிலில் கிடத்திய பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்ப்பவரைப் போல.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் அவரை அறிந்தேன். இப்போது அவர் இல்லை. எழுத உட்கார்ந்தபோது முகத்துக்கும் முதலில் அந்த இடது கைதான் நினைவில் வந்தது. பெயர் எழுதப் போவதில்லை. நான் அவரை அண்ணை என்றும் அவருடைய மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். எனக்கு அப்போதே நாற்பது கடந்திருந்தது. ஆனாலும் இருவருக்கும் நான் தங்கச்சிதான்.

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சுவர்களே சொல்லிவிடும். ஒரு வீட்டில் மிக்சி ஓடும், இன்னொன்றில் இந்தியப் படம் ஓடும், நடைபாதையில் பிள்ளைகள் ஓடுவார்கள். அண்ணையின் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வராது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய டெனிஸ் பந்துகளைக் கீறி மாட்டியிருந்தார். தொலைபேசி மணியைக் குறைத்தது போதாதென்று அதன்மேல் ஒரு துவாய்த் துண்டை மடித்துப் போட்டிருந்தார். சமையலுக்கு மரக்கரண்டிகள். சட்டிகளுக்கு மூடியாகப் பீங்கான் தட்டுகள் இல்லை, ஈரத்துணிகள். கீழ்வீட்டுக்காரர் சாவகச்சேரிப் பக்கத்து மனிதர், பகிடிக்காரர். லிஃப்டில் ஒருநாள் கேட்டார்:

"அண்ணை, நீங்கள் உண்மையிலை மேலைதான் இருக்கிறியளோ, இல்லாட்டி வாடகையை மட்டும் கட்டிப்போட்டு வேறை எங்கையும் படுக்கிறியளோ?"

அண்ணை சிரித்தார். சிரிப்பிலும் சத்தம் இல்லை. "அவவுக்குச் சத்தம் ஒத்துவராது, தம்பி," என்றார்.

அவருடைய வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். தகடு வெட்டும் தொழிற்சாலையில் நல்ல சம்பளத்துக்குக் கிடைத்த வேலையைச் சில வாரங்களில் விட்டுவிட்டு, ஹோட்டல்களின் மேசை விரிப்புகளை மடிக்கும் இடத்துக்குப் போனார். காரணம் கேட்டவர்களிடம், "சத்தத்தை உடுப்போடை வீட்டை கொண்டுவாறன். அவவுக்கு ஒத்துவராது," என்றார். கட்டடத்தில் தீ அபாய மணியைச் சோதிக்கும் நாள் என்று அறிவித்தல் ஒட்டினால், அன்று காலையிலேயே அக்காவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மணி ஓய்ந்த பிறகுதான் இருவரும் திரும்புவார்கள். ஒருமுறை அஜின்கோர்ட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. ஒலிபெருக்கியில் பாட்டுப் போடத் தொடங்கியதும் அண்ணை எழுந்துவிட்டார். "அவவுக்கு ஏலாது," என்று மாப்பிள்ளையின் தகப்பனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புறப்பட்டார். அக்கா அன்று புதுச்சேலை உடுத்தியிருந்தார். வாசல் வரை போய், மேடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஊர் முழுக்க அக்காவுக்காக இரக்கப்பட்டது. நாட்டில் நடந்த போரில் மகளைப் பறிகொடுத்த தாய், அவவின் நரம்பு தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அண்ணையைப் பற்றிப் பேசும்போது, இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

எனக்கு அக்கா பழக்கமானது கட்டடத்தின் நிலவறையில், எல்லோருக்கும் பொதுவான சலவை அறையில். அங்கே ஒருநாளும் அண்ணை வந்ததில்லை. அக்காதான் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். ஒருநாள் நான் உள்ளே போனபோது இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவில் யாரோ பாடுவது கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகைச் சுழலும் இயந்திரத்தில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, அக்கா பாடிக்கொண்டிருந்தார். சொற்கள் தமிழில்லை. என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"லத்தீன், தங்கச்சி. சின்னனிலை சிஸ்டர்மார் பழக்கினவை. ஒண்டுக்கும் கருத்துத் தெரியாது."

தீவுப்பகுதிக் கன்னியர் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவர் அவர். பூசை தமிழுக்கு மாறுவதற்கு முந்தைய காலம். லத்தீனில் முழுப்பூசையும் நெட்டுருவாகத் தெரியும். தவக்காலத்தில் பெண்கள் முழந்தாளில் இருந்து இழுத்து இழுத்துப் பாடும் புலம்பலும் தெரியும். "வீட்டிலை பாடேலாது. இஞ்சை பாடினால் ஒருத்தருக்கும் கேக்காது," என்றார். இவ்வளவு இரைச்சல் அக்காவுக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றியது உண்மை. இயந்திரங்களின் சத்தம் ஒரே சீரானது, அதனால் போலும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

நான் வேலை செய்த அலுவலகத்தில் ஒரு கனேடியப் பெண் இருந்தார். அவர் பாடிய குழு ஐரோப்பாவின் மிகப் பழைய பாட்டுகளை மட்டும் பாடுவது. மடங்களில் துறவிகள் ஒரே குரலில் பாடியவை, அதற்குப் பிறகு வந்த நாலைந்து குரல்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து போகிறவை, இன்னும் பின்னால் வந்த, ஒரு தனிக்குரல் சிறிய ஓர்கனோடு முறையிடுவது போன்றவை. நகரின் நடுவில், புளோர் வீதிக்குத் தெற்கே ஒரு கல் தேவாலயத்தில், இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை மாதத்துக்கு ஒரு ஞாயிறு பிற்பகல் கச்சேரி. நிகழ்ச்சித்தாள் கொடுக்கவும் ஆட்களை இருத்தவும் தொண்டர்கள் தேவை, தொண்டர்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம். அந்தப் பெண் கேட்டதால் நான் சேர்ந்திருந்தேன். அக்காவின் லத்தீனைக் கேட்ட பிறகு, அவரை அழைத்துப் போகாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அண்ணையிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் கதவை முன்பு சொன்ன விதமாகச் சாத்திவிட்டு வந்து, நீண்ட விசாரணை நடத்தினார். மேளம் இருக்கிறதா, மைக் இருக்கிறதா, பிள்ளைகள் வருவார்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"திடீரெண்டு ஏதும்?"

"திடீரெண்டு ஒண்டும் இல்லை, அண்ணை. எல்லாம் மெல்ல மெல்லத்தான் வரும்."

அது போதவில்லை. பருவத்தின் முதல் கச்சேரிக்குத் தனியாக வந்து, பின்வரிசையில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பாட்டைக் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். பாட்டுக்கு வெளியே என்ன கேட்கிறது என்று கேட்டார். அடுத்த மாதம் அக்காவையும் கூட்டிவந்தார்.

அந்தப் பிற்பகல் அக்காவின் முகத்தை நான் மறக்கவில்லை. பாட்டுத் தொடங்கிய சிறிது நேரத்தில் அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின. தனக்குத் தெரிந்த சொற்களை அங்கங்கே பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டவர் போல ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். நடுவில் பிந்தி வந்த யாரோ உட்கதவைக் கைவிட, அது படாரென்று அடித்துச் சாத்தியது. நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பாடகர்கள் பக்கம் திரும்பினார். அண்ணை எழுந்து நின்றுகொண்டிருந்தார். வெளியே போய், இடைவேளை வரை கதவடியில் நின்றார். இடைவேளையில் என்னிடம் வந்து, "அவ துடிச்சுப் போனா, தங்கச்சி. உந்தக் கதவை நான் பாக்கிறன் எண்டு உங்கடை ஆக்களிட்டைச் சொல்லுங்கோ," என்றார்.

அப்படித்தான் அவர் கதவடிக்கு வந்தார். தெருவுக்குத் திறக்கும் பெரிய கதவுக்கும் பாட்டு நடக்கும் மண்டபத்துக்குப் போகும் ஓக் மரக் கதவுக்கும் நடுவில் ஒரு சிறிய முன்கூடம் இருந்தது. அதுதான் அவருடைய இடம். கீல்களுக்கு எண்ணெய் போட்டார். நிலையில் ஒரு கம்பளித் துண்டை ஒட்டினார். பிந்தி வருகிறவர்களை உதட்டில் விரல் வைத்து நிறுத்தி, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ஒவ்வொருவராக உள்ளே விட்டார். பனிக்காலத்தில் சப்பாத்துகளை வெளியிலேயே உதறச் செய்தார். நடந்தால் சரசரக்கும் ஜாக்கெட் போட்டு வந்த ஒரு கனவானிடம் அதைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு இதற்கெல்லாம் போதுமான ஆங்கிலம் இல்லை. ஆனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. இருமல்காரர்களுக்கு மிட்டாய் வைத்திருந்தார். உறையைப் பிரிக்கும் சத்தம் வருமே என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரித்து, பஞ்சு விரித்த ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவார்.

குழுவை நடத்திய அம்மையார் உயரமானவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். இத்தனை வருடங்களில் கதவைக் கேட்காமல் தான் நடத்திய முதல் பருவம் இது என்று அவர் சொன்னார். எங்கள் குழுவில் இன்னொரு பாடகர் வெளியே நிற்கிறார், பாட்டின் நடுவில் வரும் மௌனங்களை அவர்தான் பாடுகிறார் என்று ஒருநாள் சபையிலேயே அறிவித்தார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அண்ணைக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்து மிட்டாய்ப் பெட்டியைச் சரிசெய்தார்.

பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது அவர் முன்கூடத்திலும் இருக்க மாட்டார். தெருக்கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்று சொல்லி, முதலிலேயே வெளியே படிக்கட்டில் இறங்கி நிற்பார். அக்கா உள்ளே எல்லோருடனும் சேர்ந்து கை சிவக்கத் தட்டுவார்.

அந்த வருடங்களில் அக்கா கொஞ்சம் சதை பிடித்தார் என்றுகூடச் சொல்லலாம். கச்சேரிக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் ரயிலில் பேசிக்கொண்டே வருவார். ஒருமுறை சொன்னார்: "தங்கச்சி, உங்கை எத்தினை சனம் இருக்குது பார். ஒருத்தர் மூச்சு விடுறதும் கேக்குதில்லை. ஊரிலையும் நாங்கள் கோயிலுக்குள்ளை இப்பிடி இருந்தனாங்கள்தான். அது வேறை மாதிரி." அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய கிழமையில் குழு ஆண்டுதோறும் செய்யும் ஒரு கச்சேரி உண்டு. முதல் இரண்டு வருடமும் அண்ணைக்கு அந்த மாலையில் வேலை இருந்ததால் இருவரும் வரவில்லை. மூன்றாம் வருடம் விடுமுறை எடுத்துக்கொண்டார், அக்கா அவ்வளவு கெஞ்சியிருந்தார். பைபிளில் வரும் எரேமியாவின் புலம்பலை எடுத்து, அழிந்த நகரத்துக்காகப் பாடுவது அது. ஒரு முக்கோணத் தாங்கியில் மெழுகுதிரிகளை ஏற்றிவைத்து, ஒவ்வொரு பாட்டும் முடிய ஒரு திரியை அணைப்பார்கள். மண்டபம் சிறிது சிறிதாக இருளும். கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் எங்கோ மறைத்துவிடுவார்கள். அந்தக் கும்மிருட்டில் பாடகர்கள் தம் கையிலிருக்கும் புத்தகங்களால் மர இருக்கைகளில் அடிப்பார்கள். யேசு உயிர்விட்டபோது பூமி அதிர்ந்ததன் அடையாளம் அது. பிறகு மறைத்த திரியைத் திரும்பக் கொண்டுவருவார்கள். கைதட்டல் கிடையாது. எல்லோரும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். பழங்காலத்திலிருந்து வரும் வழக்கம்.

ஒத்திகையின்போது இதை நான் அண்ணைக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு அம்மையாரிடம் போனார். என்னை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு, மேசை விரிப்பை மடிப்பது போலத் தன் தொப்பியை மடித்து விரித்தபடி பேசினார்.

"அடிக்கிறதை மட்டும் விடேலுமோ எண்டு கேளுங்கோ. இந்த ஒருக்காச் செய்யாமல் விடட்டும். என்ரை மனுசி தாங்கமாட்டா. அவவுக்காண்டி எண்டு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. அவவுக்கு வெக்கமாப் போயிடும்."

அம்மையார் யோசிக்கவே இல்லை. இருளும் மௌனமும் போதும், சத்தம் இல்லாமலே திரியைக் கொண்டுவருவோம் என்றார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். பாடகர்களிடம் மாற்றத்தைச் சொன்னார். சபைக்கு அறிவிக்கவில்லை. அறிவித்தால் காரணம் கேட்பார்கள்.

அந்த மாலை நான் பின்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெளிச்சம் உள்ளே கசியக்கூடாது என்பதால் அண்ணை முன்கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டுக் கதவுக்கு அப்பால் நின்றார். புலம்பலின் ஒவ்வொரு பத்தியும் எபிரேய எழுத்து ஒன்றோடு தொடங்குகிறது. கருத்து எதுவும் இல்லாத அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நீண்ட நேரம் பாடினார்கள். அதன் பிறகுதான் அழிவைப் பற்றிய சொற்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கடை புலம்பலும் இப்பிடித்தான். முதல்லை வெறும் ஆ எண்டுதான் இழுப்பம். சொல்லு பிறகுதான் வரும்," என்று காதில் சொன்னார்.

திரிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பாட்டு முடிந்தது. மிஞ்சிய ஒரு திரியைப் பீடத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பக்கத்திலிருந்த அக்காவின் முகம் தெரியவில்லை. அப்படி ஒரு இருட்டு.

ஒரு சத்தமும் இல்லை. நானும் அம்மையாரும் பாடகர்களும் அதைத்தான் எதிர்பார்த்தோம். ஆனால் அந்தச் சபையில் இருபது முப்பது வருடங்களாக வருகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் அடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. பாடகர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். முன்வரிசையில் யாரோ ஒரு முதியவர், உதவி செய்யும் எண்ணத்தில், தன் பாட்டுப் புத்தகத்தால் இருக்கையில் தட்டினார். அடுத்தவர் தட்டினார். பிறகு எல்லோரும் புத்தகத்தாலும் கையாலும் காலாலும் தட்டத் தொடங்கினார்கள். மரத்தரை வழியாக அதிர்வு எங்கள் கால்களுக்கு வந்தது. கல் கூரையில் மோதி அந்த ஒலி இரட்டிப்பாகித் திரும்பியது. அவ்வளவு பேரும் பக்தியோடு செய்தார்கள். ஒருவர் மேலும் பிழை சொல்ல முடியாது.

எங்களுக்குப் பின்னால் கதவு திறந்து சுவரில் போய் அடித்தது. "படுங்கோ, எல்லாரும் படுங்கோ," என்று ஒரு குரல் கத்தியது. அது அண்ணையின் குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. அந்த அளவில் நான் அதைக் கேட்டதில்லை. இருட்டில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து விழுந்தார். அக்காவின் கை என் கையிலிருந்து உருவிப் போனது.

சபைக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கூக்குரலையும் கதவின் அடியையும் நிகழ்ச்சியின் முடிவு என்று எடுத்துக்கொண்டார்கள். தட்டுவது அந்தக் கணமே நின்றது. முழு மண்டபமும் மௌனமாகிவிட்டது. அந்த மௌனத்தில் கீழே தரையிலிருந்து அக்கா பேசுவது எனக்குக் கேட்டது. குரலில் நடுக்கமே இல்லை.

"ஓமப்பா, படுத்திட்டன். எல்லாரும் படுத்திட்டினம். பிள்ளையும் படுத்திட்டாள்."

திரி திரும்பி வந்தது. அண்ணை அக்காவின் மேல் கவிழ்ந்து, தன் இரண்டு கைகளாலும் அவருடைய தலையை மூடியிருந்தார். அக்கா கீழே இருந்தபடி ஒரு கையால் அவருடைய முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். சபை வழக்கப்படி பேசாமல் எழுந்தது. எங்கள் வரிசையைக் கடந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்காதது போலப் போனார்கள். ஒரு வயதான பெண் தரையில் கிடந்த அண்ணையின் மூக்குக்கண்ணாடியை எடுத்து, மடித்து, இருக்கையின் மேல் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனார்.

ரயிலில் அண்ணை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முழங்கை உரசி இரத்தம் கசிந்திருந்தது. கென்னடி ஸ்டேஷன் வரும் வரை அதைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார். பிறகு பழைய மெல்லிய குரலில், "பாவம், நல்லாப் பயந்து போனா. நான் கூட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடாது," என்றார். அக்கா அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை சலவை அறையில் அக்காவே தொடங்கினார்.

"எனக்குச் சத்தம் ஒண்டும் செய்யாது, தங்கச்சி. ஊரிலை கோயில் மேலை குண்டு விழுந்த அண்டைக்கு நான் உள்ளை இல்லை. கிணத்தடியிலை உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனான். இவரும் பிள்ளையும்தான் உள்ளை. கோயிலுக்குள்ளை இருந்தால் ஒண்டும் நடக்காது எண்டு பிள்ளையை இருத்தினதும் இவர்தான்."

இயந்திரம் ஒன்று நின்றது. அக்கா எழுந்து உடுப்புகளை எடுத்து, அடுத்த இயந்திரத்துக்கு மாற்றி, அதை ஓடவிட்டு, வந்து இருந்தார்.

"இஞ்சை வந்த புதிசிலை கரண்டி விழுந்தாலும் துள்ளுவார். என்னப்பா எண்டு கேட்டால், நீ பயந்திட்டாய் எண்டுதான் வந்தனான் எண்டுவார். நானும் ஓம், பயந்திட்டன் எண்டு சொல்லத் தொடங்கினன். தனக்கெண்டால் அவர் ஒண்டும் செய்யமாட்டார். எனக்கெண்டபடியால்தான் உந்தப் பந்து, துவாய், எல்லாம். எனக்காண்டி ஓடித்திரியட்டும் எண்டு விட்டிட்டன்."

"நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையோ, அக்கா?"

"என்னெண்டு சொல்லுறது? உனக்குத்தான் பயம் எண்டு சொன்னால், ஏன் பயம் எண்டு அவர் யோசிக்கவேணும். பிறகு அந்தக் கோயிலுக்குள்ளை போகவேணும்."

கல்யாண வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்த அக்காவும், கைதட்டும்போது படிக்கட்டில் நின்ற அண்ணையும் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தார்கள். இவ்வளவு காலமும் கண்ணுக்கு முன்னால் இருந்ததுதான்.

அம்மையார் பலமுறை என்னிடம் விசாரித்தார். தன்னால்தான் நடந்தது என்று அவருக்கு ஒரு வேதனை. அந்த இலையுதிர்காலத்தில் புதிய பருவத்தின் விபரத்தாளை என்னிடம் தந்து, அந்தப் பெண்மணி எந்த இருக்கையில் வேண்டுமானாலும் இருக்கலாம், கணவரும் வேண்டுமானால் கதவடிக்கு வரட்டும், வராவிட்டாலும் சரி, மனைவியை மட்டுமாவது அழைத்துவா என்று சொன்னார். மார்கழியில் வரும் கிறிஸ்மஸ் கச்சேரியில் அக்கா சலவை அறையில் பாடும் ஒரு பாட்டும் இருந்தது. சிறுமியாக நத்தார்ப் பூசையில் பாடியது என்று அவர் சொல்லியிருந்தார். நான் அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொண்டுபோனேன்.

அண்ணை என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். வீட்டில் இன்னும் மாற்றங்கள். தரை முழுவதும் தடித்த கம்பளம் விரித்திருந்தார். ஜன்னலுக்கு இரண்டாவது திரை. முழங்கைக் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அக்காவை நானே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறேன், அண்ணைக்கு ஒரு சிரமமும் இல்லை என்றேன்.

அக்கா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து, என் தோளுக்கு மேலால் தாளைப் பார்த்தார். கோடு போட்ட வரியைக் கண்டுவிட்டார் என்று தெரிந்தது. முதல் சொல் உதட்டில் வந்தது. ஒலி வரவில்லை.

"அவவுக்கு இனி ஏலாது, தங்கச்சி," என்றார் அண்ணை. "அண்டைக்கு நடந்ததோடை அவ சரியான பயம். நித்திரையிலையும் துள்ளுறா. நான் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஒரு பதிலுக்காக அவர் அப்படிக் காத்திருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவருடைய இடது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

அக்கா தாளை வாங்கி, ஈரம் படாமல் ஓரத்தில் பிடித்து, இரண்டாக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஓம், தங்கச்சி. எனக்குப் பயமாக் கிடக்கு. நான் வரேல்லை."

அண்ணையின் கை மேசையை விட்டது. "பாத்தியளே," என்றார் என்னிடம், மிக மெதுவாக. அந்த முகத்தில் அவ்வளவு ஆறுதல்.

"விளங்குது, அண்ணை," என்றேன். "அக்கா வீட்டிலையே இருக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.